புதுப்பிப்பு: கைப்பட்டையின் நடைக்கணக்கு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: காட்பாடியிலிருந்து பைக்கில் வேலைக்குப் போய் இறங்கினாலே நடையை எண்ணும் கைப்பட்டையில் (ஃபிட்னஸ் பேண்ட்) 400 காலடி ஏறிவிடுகிறது, அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளி நடந்தால் பாதிகூடப் பதிவாவதில்லை, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பட்டைக்குக் கால் தெரியாது. உள்ளிருக்கும் முடுக்கமானி (அசைவை உணரும் சிறு கருவி) கைவீச்சின் தாளத்தை வைத்தே அடியை ஊகிக்கிறது. நாற்காலியைப் பிடித்த கை வீசாது. குண்டும் குழியுமான சாலையிலோ ஹேண்டில்பார் கையைக் குலுக்கிக்கொண்டே இருக்கும்.

வலது கையிலிருந்து இடதுக்கு மாற்றி, செயலியிலும் அதைத் திருத்தினேன். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாதபடி கட்டினேன். பிறகு விடியற்காலையில் கோட்டை அகழியோரம் வாயால் எண்ணி 500 அடி நடந்தேன். முதல் முறை 488, அடுத்து 493. முன்பு 430ஐத் தாண்டியதே இல்லை! அன்று மனசு நிறைந்துவிட்டது.

பைக்குக்கு இன்னும் வழியில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணைப் பார்த்துக் கழித்துக்கொள்கிறேன்.

நாற்காலி தள்ளும்போது பட்டையைக் கழற்றி பேன்ட் பாக்கெட்டில் போடச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி. 200 அடிக்கு 196 காட்டியது.