குடும்பக் குழு: தம்பியின் குடியரசு தினப் பேச்சு

தம்பி: பெரியப்பா, ஒரு சந்தேகம். மகாவீர் சக்ரா என்ற வீர விருது சண்டை போட்டவர்களுக்குத்தானே? டாக்டருக்கும் கொடுப்பார்களா?

பெரியப்பா: கொடுத்திருக்கிறார்களே! லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். நம் தமிழர். கொரியப் போருக்கு இந்தியா சண்டைப் படையை அனுப்பவில்லை, மருத்துவப் பிரிவைத்தான் அனுப்பியது. 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸ் என்றதும் வண்டி என்று நினைத்துவிடாதே. போர்முனைக்குப் பக்கத்திலேயே அறுவை சிகிச்சை செய்யும் ஒரு முழுப் படைப்பிரிவு அது. அவர்தான் தலைமை.

சித்தி: பாராசூட்டா? டாக்டர்களும் குதிப்பார்களா மாமா?

பெரியப்பா: ஆமாம்மா. 1941இலேயே பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் அவர் ஒருவர். 1951 மார்ச் 23 அன்று முன்சான் என்ற இடத்தில் அமெரிக்கப் படையோடு இவர்களும் குதித்தார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ரயில் கதைதான்.

தம்பி: என்ன ரயில்?

பெரியப்பா: 1950 டிசம்பர். சீனப் படை இறங்கிவிட்டது, வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கை விட்டு எல்லாரும் பின்வாங்குகிறார்கள். இவர்களுக்கு வண்டி இல்லை. சாமான்களை அழித்துவிட்டுக் கிளம்பச் சொல்கிறார்கள். மருந்தும் கருவியும் போய்விட்டால் அப்புறம் காயம்பட்டு வருகிறவனை என்ன செய்வது? ரங்கராஜ் விட மனமில்லாமல் தேடியபோது ஒரு பழைய நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் கிடைத்தன. வீரர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து கொதிகலனை நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்களும் அவர்களிலேயே இருந்தார்கள். அத்தனை சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டினார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் பாலமே இருந்திருக்காது, தகர்த்துவிட்டார்கள்.

அத்தை: படிக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது அண்ணா. ஊர் திரும்பிய பிறகு என்ன செய்தார்?

பெரியப்பா: பிற்பாடு உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பு வேலை. அங்கே நோய் வராமல் தடுக்கவென்று அம்மைச் சீழை எடுத்தே மற்றவர்களுக்குக் குத்தும் பழைய வழக்கம் இருந்தது. அதனாலேயே நோய் பரவும். மலைக் கிராமங்கள் வரை போய்த் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. 1972இல் அங்கே பெரியம்மை நின்றது.

தம்பி: பெரியப்பா, நான் எழுதி வைத்திருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ரயிலில் இருந்தே தொடங்குகிறேன்.

சித்தி: தண்ணீர் சுமந்தவர்களை விட்டுவிடாதேடா.

தம்பி: சரி சித்தி, முதல் வரியே அவர்கள்தான்.