வாட்ஸ்அப்பில் வேலைநீக்கம்: சின்னக் கடைக்கு விசாரணையே வேண்டாமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த் வாசி, தென்னாப்பிரிக்கா

வணக்கம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு மளிகைக் கடைக் கல்லாவில் இரண்டு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். கல்லாவில் 1,900 ராண்ட் குறைகிறது என்று சொல்லி, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். கடைசிச் சம்பளத்தில் அந்தத் தொகையையும் பிடித்துக்கொண்டார். கேட்டால், "2025 செப்டம்பரில் சட்டம் மாறிவிட்டது, ஆறு பேர் வேலை செய்யும் கடைக்கு விசாரணை கிடையாது" என்கிறார். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் சர்வீஸ் சான்றிதழாம். எழுதிக் கொடுக்கலாமா? இதெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது.

பதில்: மெரிபேங்க் தொழிற்சங்கத்தார்

எழுதிக் கொடுக்கவே கூடாது. வேலையை விட்டு நீக்கினார்கள் என்று காட்டுவது தொழிலாளியின் பொறுப்பு. நீக்கியது நியாயம் என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு. ராஜினாமாக் கடிதம் ஒன்று இருந்தால் வழக்கு முதல் படியிலேயே விழுந்துவிடும். தானாக வேலையை விட்டவருக்கு யுஐஎஃப் (அரசின் வேலையின்மைக் காப்பீட்டு நிதி) தரும் வேலையிழப்புப் பணமும் வராது. நீக்கப்பட்டவருக்கு வரும், ஒழுங்கீனம் என்று சொல்லி நீக்கியிருந்தாலும்கூட. சர்வீஸ் சான்றிதழ் யாரும் தயவு பண்ணித் தருவதல்ல. வேலை முடிந்தால் கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அனுப்பிய எண்ணும் தேதியும் படத்தில் தெரிய வேண்டும். செய்தியை மட்டும் நகலெடுத்து வைத்தால் யார் அனுப்பியது என்ற கேள்வி வரும்.

பதில்: டோங்காட் வழிகாட்டி

முதலாளி சொல்வதில் பாதிதான் உண்மை. வேலைநீக்கம் பற்றிய புதிய நன்னடத்தைக் கோவை 2025 செப்டம்பர் 4 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளர் உறவுச் சட்டத்தில் இதற்கு முன் இருந்த எட்டாம் அட்டவணை போய்விட்டது. சின்னத் தொழில்கள் நீண்ட, முறைப்படியான விசாரணை நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என அது சொல்கிறது. அதற்காக ஆளைக் கேட்காமலே நீக்கலாம் என்று எங்கும் சொல்லவில்லை. குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், யோசிக்க நியாயமான நேரம் தர வேண்டும், பதிலைக் கேட்க வேண்டும், அதன் பிறகே முடிவு. மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினால்கூடப் போதும். இங்கே அதுவும் நடக்கவில்லை. அதோடு, நீக்கத்துக்கு நியாயமான காரணமும் முறையான நடைமுறையும் வேண்டும் என்பது தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 188ஆம் பிரிவு. அதில் மாற்றம் இல்லை.

பதில்: ஃபீனிக்ஸ் உறுப்பினர்

மூன்று வாரம் என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் சிசிஎம்ஏவில் (தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையம்) புகாரைப் பதிய வேண்டும். வேலை நாள் கணக்கல்ல, சனி ஞாயிறும் சேரும்.

புகாருக்கான படிவம் 7.11. கட்டணம் கிடையாது. நிரப்பிக் கையெழுத்திட்டு முதலில் முதலாளிக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கான சான்றோடு சிசிஎம்ஏவுக்குக் கொடுக்க வேண்டும். பதிவுத் தபால் ரசீதோ, அனுப்பிய மின்னஞ்சலின் அச்சோ, நேரில் கொடுத்தால் வாங்கியவர் கையெழுத்தோ இருந்தால் போதும். பல படிவங்கள் திரும்பி வருவது இந்தச் சான்று இல்லாமலும் கையெழுத்து இல்லாமலும்தான். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் படிவத்திலேயே கேட்க இடமுண்டு.

கெடு தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு தனியாக வேண்டும்: எத்தனை நாள் தாமதம், ஏன், வழக்கில் வெற்றி வாய்ப்பு என்ன என்று சத்தியப் பிரமாணத்தில் எழுத வேண்டும். "எனக்குத் தெரியாது" என்ற ஒரு வரியை நம்பிப் போகாதீர்கள்.

இது மளிகைக் கடை என்பதால் சிசிஎம்ஏ சரி. ஆடைத் தொழில், மோட்டார் தொழில், சாலைச் சரக்குப் போக்குவரத்து என்றால் அந்தந்தத் தொழிலின் பேரக் குழுவுக்குத்தான் (முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்த அமைப்பு) போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் அலைந்தே நாள் போய்விடும்.

பதில்: டோங்காட் வழிகாட்டி

பணம் பற்றி ஒரு வார்த்தை. நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்றால், தவறு அவருடையது என்று நியாயமான முறையில் காட்டியிருக்க வேண்டும், அவர் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும், பிடிப்பும் ஊதியத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. அந்த 1,900 ராண்டைத் திரும்பக் கேளுங்கள். எடுக்காத வருடாந்திர விடுப்புக்கான பணமும் வர வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் என்பதால், ஒழுங்கீனம் நிரூபணமாகாவிட்டால் நான்கு வார நோட்டீஸ் சம்பளமும் உண்டு. பே ஸ்லிப்பில் மணிக்கணக்கையும் பாருங்கள்: 2025 மார்ச் 1 அன்று குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ராண்ட் ஆனது, பயணப்படியும் சாப்பாடும் இதில் சேராது.

சாட்ஸ்வொர்த் வாசி

மிக்க நன்றி. படிவத்தை நாளைக்கே கொடுக்கிறோம். வக்கீல் வைக்க வேண்டுமா?

பதில்: மெரிபேங்க் தொழிற்சங்கத்தார்

சிசிஎம்ஏவில் முதலில் நடக்கும் சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமில்லை, முதலாளியும் வக்கீலைக் கூட்டி வர முடியாது. அக்கா தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் சங்க அலுவலர் கூட வரலாம். அங்கே பேசியதைப் பிறகு நடுவர் விசாரணையில் எதிராகப் பயன்படுத்த முடியாது, அதனால் தைரியமாகப் பேசச் சொல்லுங்கள். நியாயமற்ற நீக்கம் என்று தீர்ப்பானால் வேலையில் திரும்பச் சேர்க்கலாம், அல்லது 12 மாதச் சம்பளம் வரை இழப்பீடு. நடைமுறையில் மட்டும்தான் தவறு என்றால் இழப்பீடு மட்டுமே. சிசிஎம்ஏவின் அறிவிப்புக் கடிதத்தில் 'கான்-ஆர்ப்' (சமரசமும் நடுவர் விசாரணையும் சேர்ந்தது) என்று இருந்தால் சமரசம் முறிந்த அதே நாளில் விசாரணை தொடங்கிவிடும். பே ஸ்லிப், ஸ்கிரீன்ஷாட், சாட்சி எல்லாம் அன்றைக்கே கையில் இருக்க வேண்டும்.