கிட்டார் ஸ்கேல் நீளம்: கைக்கு எவ்வளவு தெரியும்? அனுபவப் பகிர்வு

பாளையங்கோட்டை, கிட்டார் சர்வீஸ்

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கிடுவோம். கடையில 38 இஞ்ச், 39 இஞ்ச், 41 இஞ்ச்னு சொல்றது கிட்டாரோட மொத்த நீளம், தலையில இருந்து அடிவரைக்கும். ஸ்கேல் அது இல்லை, நட்டுக்கும் (தலைப்பக்கம் கம்பி உக்கார்ற பள்ளக்கட்டை) சேடிலுக்கும் (அடிப்பக்கம் கம்பி உக்கார்ற கட்டை) நடுவுல கம்பி அதிர்ற நீளம். ஒரே 38 இஞ்ச் சைஸ்ல ரெண்டு கம்பெனி கிட்டாரை வச்சா ஸ்கேல் வேற வேறயா இருக்கலாம்.

அளக்கிற முறை: நட்டுல விரல்பலகையைப் பார்த்த ஓரத்துல இருந்து 12வது ஃப்ரெட்டோட (விரல்பலகையில குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) நடு உச்சி வரைக்கும் ஸ்டீல் ரூலர் வைங்க. வர்ற அளவை ரெண்டால பெருக்குங்க. சேடில் வரை அளந்தா தப்பா வரும். ஃப்ரெட்டுல அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபட்டு சுருதி ஏறும், அதை ஈடுகட்ட சேடிலைப் பின்தள்ளித்தான் ஒட்டியிருப்பாங்க. மெல்லிய இ கம்பிப் பக்கம் 2 மி.மீ. போல, தடிச்ச இ கம்பிப் பக்கம் 4, 5 மி.மீ. கூட இருக்கும்.

நம்ம பக்கம் அதிகம் கைக்கு வர்றதுல யமஹா எஃப்310 634 மி.மீ., எஃப்ஜி800 650, நைலான் சி40 650. எலக்ட்ரிக்ல ஃபெண்டர் ஸ்ட்ராட் 648. கிப்சன் லெஸ் பால் பேப்பர்ல 24.75 இஞ்ச்னு இருக்கும், அளந்தா 625 மி.மீ.யை ஒட்டித்தான் வரும்.

தென்காசி, வகுப்பு எடுப்பவர்

எஃப் கார்டு (ஒரே விரலால முதல் ஃப்ரெட்டுல கம்பிகளைச் சேத்து அழுத்துற கார்டு) வரலைன்னதும் "எனக்கு ஷார்ட் ஸ்கேல் (ஸ்கேல் நீளம் குறைஞ்ச கிட்டார்) வேணும்"னு கேக்கிறவங்க நிறைய. கணக்கைப் பாருங்க. முதல் ஃப்ரெட்டுக்கும் மூணாவது ஃப்ரெட்டுக்கும் நடுவுல 650 ஸ்கேல்ல 66.9 மி.மீ., 634ல 65.3. வித்தியாசம் ஒன்றரை மி.மீ.தான். விரல் எட்டாததுக்கு அது காரணமே இல்லை.

இறுக்கத்துலதான் கொஞ்சம் தெரியும். அதே கம்பி, அதே சுருதின்னா இழுவிசை ஸ்கேல் நீளத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். 650ல இருந்து 634க்கு வந்தா 5 சதவீதம் குறையும். ஆனா 12 செட்டை (மெல்லிய இ கம்பி 0.012 இஞ்ச் தடிப்பு) கழட்டி 11 செட் போட்டா மெல்லிய இ கம்பி மட்டும் 16 சதவீதம் இலகுவாயிரும். கிட்டாரை மாத்துறதை விட கம்பியை மாத்துறது மூணு மடங்கு வேலை செய்யுது.

அதுக்கும் முன்னால நட்டைப் பாருங்க. எஃப் கார்டைக் கெடுக்கிறது பெரும்பாலும் அதுதான். மூணாவது ஃப்ரெட்டுல கம்பியை அழுத்திக்கிட்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேல இருக்கிற இடைவெளியைக் கவனிங்க. ஒரு ஏ4 தாள் நுழையிற அளவு, அதாவது 0.1 மி.மீ. போதும். மலிவு கிட்டார்கள்ல அரை மி.மீ. வரைக்கும் இருக்கும். கம்பி தடிப்புக்கேத்த நட் ஃபைலால, தலைப்பக்கம் சரிவா, நாலைஞ்சு தடவை அராவி உடனே அளக்கணும். ஆழம் கூடிப் போனா ஓபன் கம்பி இரையும். அப்ப அந்தப் பள்ளத்தைச் சமையல் சோடாவும் ஃபெவிக்விக்கும் வச்சு அடைச்சுத் திரும்ப அராவலாம்.

12வது ஃப்ரெட்டுல ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல கம்பியோட உயரம்) தடிச்ச இ 2.4, மெல்லிய இ 1.8 மி.மீ. இருந்தா அக்கூஸ்டிக்குக்குச் சுகம். அங்க அரை மி.மீ. இறங்கணும்னா சேடில் அடியில 1 மி.மீ. தேய்க்கணும். சாரல் காலத்துல இங்க மேல்பலகை ஈரம் குடிச்சு உப்பி ஆக்‌ஷன் ஏறும். அதை ஸ்கேல் கோளாறுன்னு நினைச்சுக்கிடாதீங்க. சாரல் காலத்துல சேடிலை அடிமட்டத்துக்குத் தேய்ச்சுட்டா அப்போதைக்குச் சரியா இருக்கும், திரும்ப கோடையில இரையும். ரெண்டு சேடில் செஞ்சு வச்சுக்கிடுறது நல்லது.

ஷார்ட் ஸ்கேல் கைக்கு ஒத்துவருமான்னு காசு செலவில்லாம பாக்க ஒரு வழி: எல்லாக் கம்பியையும் அரை சுருதி (ஒரு ஃப்ரெட் அளவு) இறக்கிட்டு முதல் ஃப்ரெட்டுல கேபோ (எல்லாக் கம்பியையும் சேத்து அழுத்துற கிளிப்) போடுங்க. 650 கிட்டார் இப்ப 613 ஸ்கேல். சுருதி பழையபடி, இழுவிசை 11 சதவீதம் கம்மி. ஒரு வாரம் அப்படியே வாசிச்சுப் பாருங்க. கேபோ முதல் ஃப்ரெட்டுக்கு நட்டுப் பக்கமா, ஃப்ரெட்டை ஒட்டியே இருக்கணும். நடுவுல வச்சா சுருதி பிசகும்.

வள்ளியூர், மேடைக் கச்சேரி

கொடைக் கச்சேரிக்குப் போறவங்க இதையும் சேத்துப் பாக்கணும், அண்ணாச்சி. பாடுறவங்களுக்காக அரை சுருதி இறக்கி வாசிக்கிறது வழக்கம். அங்கதான் ஷார்ட் ஸ்கேல் காலை வாரும். ஸ்ட்ராட்டுல 9 செட் போட்டு நேர் சுருதியில இருக்கிற இறுக்கத்தை 100ன்னு வைங்க. அதே செட் லெஸ் பால்ல 93. அரை சுருதி இறக்கினா 83. அடிக்கும்போது தடிச்ச இ தளதளன்னு ஆடி ஃப்ரெட்டுல மோதும். 10 செட்டுக்கு மாறிட்டா மெல்லிய இ திரும்ப 102க்கு வந்துரும்.

கம்பி மாத்தினதும் கழுத்தைப் பாக்காம விட்டுராதீங்க. தடிச்ச செட் கழுத்தை முன்னால இழுக்கும். முதல் ஃப்ரெட்டையும் 14ஐயும் அழுத்திக்கிட்டு 7ல இடைவெளி பாருங்க. 0.2 மி.மீ. இருக்கட்டும். கூடுதலா இருந்தா ட்ரஸ் ராடை (கழுத்துக்குள்ள வளைவைச் சரிபண்ற இரும்புக் கம்பி) கால் சுத்து இறுக்கி, ஒரு ராத்திரி விட்டுத் திரும்பப் பாக்கணும். அப்புறம் 12ல ஹார்மோனிக்கையும் (அழுத்தாம லேசாத் தொட்டு மீட்டுற சுரம்) அழுத்தின சுரத்தையும் ட்யூனர்ல ஒப்பிடுங்க. அழுத்தினது ஏறி நின்னா சேடிலைப் பின்னுக்குத் தள்ளணும்.

பெண்ட் பண்றவங்களுக்கு (கம்பியைப் பக்கவாட்டுல தள்ளிச் சுருதி ஏத்துறவங்களுக்கு) ஷார்ட் ஸ்கேல் சந்தோஷம்தான். கம்மி தூரம் தள்ளினாலே முழு சுரம் ஏறிரும். ஆனா கனத்த கையா இருந்தா சும்மா கார்டு பிடிக்கையிலேயே சுருதி ஏறும். கை அழுத்தத்தைக் குறைச்சுப் பழகணும், வேற வழி கிடையாது. நடுராத்திரி காத்து குளிர்ந்ததும் கம்பி சுருங்கி சுருதி ஏறும். அதுவும் இறுக்கம் குறைஞ்ச கம்பியிலதான் கூடுதலாத் தெரியும்.

தூத்துக்குடி, பேஸ்

பேஸ்ல ஸ்கேல் வித்தியாசம் நல்லாவே உறைக்கும். லாங் ஸ்கேல் 864 மி.மீ.யில இருந்து ஷார்ட் ஸ்கேல் 762க்கு வந்தா இழுவிசை 22 சதவீதம் போயிரும், விரல் பரப்பும் குறையும். வாங்கும்போது ஷார்ட் ஸ்கேல் செட்டுன்னு கேட்டு வாங்குங்க. லாங் ஸ்கேல் செட்டை வெட்டிப் போட்டா, முனை மெலியிறதுக்கு முந்தின தடிச்ச பாகம் போஸ்ட்டுல (தலையில கம்பி சுத்துற தண்டு) சுத்தும். சுத்து சரியா உக்காராது, மேல் சுத்துக் கம்பி பிரிஞ்சு ஓசை செத்துப்போகும். வெட்டித்தான் ஆகணும்னா முதல்ல கம்பியைச் செங்குத்தா மடக்கி, மடக்குக்கு அப்பால வெட்டுங்க. கடல்காத்து ஊர்ல கோட்டட் கம்பிக்கு (துருப்பிடிக்காம மேல பூச்சுப் போட்டது) கூடுதலாக் குடுக்கிற காசு வீண் போகாது.

அம்பாசமுத்திரம்

ஒன்பது வயசுப் பிள்ளைக்கு எந்த ஸ்கேல் எடுக்கலாம் அண்ணாச்சி? கடையில 41 இஞ்சையே எடுக்கச் சொல்றாங்க.

தென்காசி, வகுப்பு எடுப்பவர்

வேண்டாம் தம்பி. பிள்ளைங்களுக்குத்தான் ஸ்கேல் உண்மையிலேயே முக்கியம். நட்டுல இருந்து நாலாவது ஃப்ரெட் வரை 650ல 134 மி.மீ., 580ல 120. சின்னக் கைக்கு அந்த 14 மி.மீ. பெரிய விஷயம். நைலான்ல யமஹா சிஎஸ்40 580 ஸ்கேல். ஆரம்பத்துக்கு அதையே சொல்வேன், விரல் நோகாது. ஹார்டு டென்ஷன் கம்பி போட்டா சுருதி நிக்கும்.

ஸ்டீல் கம்பிதான் வேணும்னா ஜேஆர்1, ஸ்கேல் 540. அதுல இழுவிசை 650ஐ விட 31 சதவீதம் கம்மி. பிள்ளைக்காகன்னு 10 செட் போட்டுராதீங்க, தொளதொளன்னு போய் சுருதியே நிக்காது. 12 செட் போடுங்க, பிள்ளை கைக்கு அப்பவும் இலகுவாத்தான் இருக்கும்.