நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு ஆட்சேபணையா? முதல்ல டேப்பை எடுங்க

போரூர்வாசி

பக்கத்து இடத்தை அடுக்குமாடிக்காகக் குடியிருப்பு வகைக்கு மாத்தப் போறாங்க, ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பேப்பர்ல அறிவிப்பு போட்டா, அதுல நமக்குப் பழகின ஏரியா பேரைத் தேடாதீங்க. சர்வே எண், வருவாய் கிராமம் ரெண்டையும் பாருங்க. அண்ணா நகர்னு நாம சொல்றதுல ஒரு பகுதி பதிவேட்டுல நடுவக்கரை. அந்த எண்ணை வெச்சு 2008ல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்துல (எந்த நிலம் எதுக்குன்னு சொல்ற மாஸ்டர் பிளான்) இடம் எந்த வகைன்னு பாருங்க. தொழிற்சாலை, விவசாயம், நிறுவனம்னு இருந்தாதான் மாற்றம் கேட்பாங்க. ஏற்கெனவே குடியிருப்புன்னா ஃபைல் நேரா திட்ட அனுமதிக்குப் போயிடும். அங்கே "மண்டலத்தை மாத்தாதே"ன்னு 300 கையெழுத்து வாங்கினாலும் வீண்.

சிவில்காரர்

எத்தனை மாடின்னு முடிவு பண்றதுல பெரிய பங்கு ரோட்டு அகலத்துக்குத்தான். 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினா ஹைரைஸ். அதுக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற அளவு, அதிகபட்சம் 3.25. அதுக்கு மேல பணம் கட்டி வாங்குற பிரீமியம் எஃப்எஸ்ஐ தனி: 18 மீட்டருக்கு மேல ரோடுன்னா 50 சதவீதம், 12 முதல் 18 வரை 40, 9 முதல் 12 வரை 30.

லேஅவுட்ல 40 அடி ரோடுன்னு இருக்கும், அதாவது 12.19 மீட்டர். ஒரு முனையைக் காம்பவுண்ட் சுவர்ல பிடிச்சு எதிர்ச் சுவர் வரை இழுத்தா 36 அடிதான் வரும். 10.97 மீட்டர், பிரீமியம் 40லிருந்து 30 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு! மெயின் ரோடு முனையிலிருந்து சைட் வரை 30 மீட்டருக்கு ஒரு தடவை அளங்க. டேப் தெரியுற மாதிரி போட்டோ, பக்கத்து வீட்டுக் கதவு எண், ரெண்டும் வேணும். பலர் சைட் வாசல்ல மட்டும் அளந்துட்டு வந்துடுவாங்க. அங்கே ரோடு நல்லா அகலமாத்தான் இருக்கும், குறுகுறது நடுவுல. தார் விளிம்பிலிருந்து அளக்குறதும் தப்பு, நடைபாதையும் வடிகாலும் ரோட்டுல சேர்த்திதான்.

வேளச்சேரி அக்கா

சிவில்காரர் சார் சொன்னதோட தண்ணிக் கணக்கும் போடுங்க. 400 ஃபிளாட், வீட்டுக்கு 4 பேர், தலைக்கு 135 லிட்டர்: ஒரு நாளைக்கு 2,16,000 லிட்டர். பைப்புல வரலைன்னா 12,000 லிட்டர் லாரி 18 நடை. அந்த 18 லாரியும் மேல சொன்ன 36 அடி ரோட்டுலதான் திரும்பணும். 80 சதவீதம் கழிவுநீரா வெளியேறும், 1,72,800 லிட்டர். உங்க தெரு மேன்ஹோல் இப்பவே மழைக்குப் பொங்குதுன்னா தேதியோட எழுதுங்க.

மண் கொட்டி சைட்டை உயர்த்துறதையும் விடாதீங்க. கொத்தனார் டியூப் லெவலே போதும். ட்ரான்ஸ்பரன்ட் குழாய்ல தண்ணி ரொப்பி, ஒரு முனை சைட் ஓரம், ஒரு முனை தெரு நடுவுல. ரெண்டு பக்கமும் தண்ணி மட்டத்திலிருந்து தரை வரை அளந்தா, வித்தியாசம்தான் சைட் எவ்வளவு உயரம்ங்கிறது. குழாய்க்குள்ள காத்துக் குமிழி நின்னா அளவு பொய் சொல்லும், தட்டி வெளியேத்திட்டுப் பாருங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் தண்ணி எவ்வளவு நின்னதுன்னு சுவர்க் கறையிலேருந்து அளந்து சேர்த்தா கடிதத்துக்கு எடை கூடும்.

தாம்பரம் தம்பி

சுற்றுச்சூழல் அனுமதிக்கு மக்கள் கருத்துக்கேட்பு வரும், அப்போ பேசிக்கலாமா அக்கா?

சிவில்காரர்

வராது தம்பி. கட்டட ப்ராஜெக்டுகளுக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு. அதனால பேப்பர் அறிவிப்புல போட்ட கெடுவை விட்டுடாதீங்க.

20,000 சதுர மீட்டர், அதாவது 2,15,278 சதுர அடி கட்டடப் பரப்பு வந்தாதான் அந்தச் சுற்றுச்சூழல் அனுமதியே. ஒரு ஏக்கர்ல 3.25ம் 50 சதவீத பிரீமியமும் சேர்த்தா 2,12,355 சதுர அடி, மயிரிழையில கீழே. ஆனா எஃப்எஸ்ஐ கணக்குல வராத பேஸ்மென்ட், பார்க்கிங் எல்லாம் அந்த 20,000 கணக்குல சேரும். சேர்த்துக் கூட்டினாங்களான்னு கேளுங்க.

மயிலாப்பூர் மாமா

நான் எதிர்க்கட்சி. அடுக்குமாடியே கூடாதுன்னு அடுக்குமாடியில உட்கார்ந்து எழுதாதீங்கப்பா. "வெளியாட்கள் வருவாங்க"ன்னு ஒரு வரி எழுதினா மத்த பக்கமெல்லாம் போச்சு. வேண்டியதைக் கேளுங்க. பூங்காவையே எடுத்துக்கோங்க: இடம் 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரைன்னா ஓஎஸ்ஆருக்கு (பொதுவுக்கு ஒதுக்க வேண்டிய திறந்தவெளி) நிலத்துக்குப் பதிலா பணம் கட்டலாம். 2 ஏக்கர்னா 8,094 தான், பணத்தோட முடிஞ்சிடும். 10,000ஐத் தாண்டினாதான் 10 சதவீதம் நிலமாவே தரணும்.

போரூர்வாசி

மாமா சொல்றது சரி. கடிதம் ஆளாளுக்கு வேற வேறயா இருக்கட்டும், ஒரே ஜெராக்ஸ் வேண்டாம். முதல் வரியில சர்வே எண், கிராமம், அறிவிப்புத் தேதி. எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில தபால் பிரிவுல கொடுத்து நகல்ல சீல் வாங்குங்க. பிறகு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ: எத்தனை ஆட்சேபணை வந்தது, ஒவ்வொண்ணுக்கும் எழுதின குறிப்பு என்ன, மாற்றத்தைப் பரிசீலிச்ச சிஎம்டிஏ டெக்னிக்கல் கமிட்டி கூட்டத்தோட நிகழ்ச்சிக் குறிப்பு நகல். பதிலுக்கு 30 நாள். சீல் வெச்ச நகலையும் ஆர்டிஐயோட இணைங்க.