பிஎஸ்எல்இ வருடத்தில் பிள்ளை பாத்திரம் கழுவலாமா?

மூன்றறை அப்பா (சனி, இரவு 9.40)

போன ஞாயிறு என் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மகள் தொடக்கநிலை ஆறு படிக்கிறாள், இந்த வருடம் பிஎஸ்எல்இ, அதாவது சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் தேசியத் தேர்வு. சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல எழுந்து போய் சிங்க்கில் கிடந்த தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். அண்ணி அவள் கையிலிருந்து ஸ்பாஞ்சைப் பிடுங்காத குறைதான். "பிஎஸ்எல்இ வச்சிருக்கிற பிள்ளையைப் போய் வேலை வாங்குறீங்களே, நாளைக்கு மார்க் குறைஞ்சா யாரைச் சொல்றது?" என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, அதையும் கவனியுங்கள்.

எங்கள் வீட்டில் பணிப்பெண் இல்லை. மனைவி தாதி, மூன்று ஷிஃப்ட் மாறி மாறி வரும். நான் காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் வீடு. அதனால் வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறோம். இரவுப் பாத்திரமும் துணி மடிப்பதும் மகளுக்கு. மகன் உயர்நிலை இரண்டு, அவன் குப்பை போடுவான். மகளுக்கு எப்படியும் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். தேர்வு முடியும்வரை இதை நிறுத்திவிடலாமா? உங்கள் வீடுகளில் எப்படி?

செங்காங் தோழி (சனி, இரவு 10.05)

நிறுத்திவிடுங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு, செப்டம்பர் கடைசியில் எழுத்துத் தேர்வு. நான்கு பாடம், ஒவ்வொன்றுக்கும் அடைவுநிலை 1 முதல் 8 வரை, 1 தான் ஆகச் சிறந்தது. கூட்டினால் 4 தான் உச்சம், 32 அடிமட்டம். 2021இல் இந்த முறை வந்தபோது பிள்ளைகளுக்கு அழுத்தம் குறையும் என்றார்கள். ஒரு புள்ளி நழுவினால் நினைத்த பள்ளி போய்விடும், இதில் எங்கே குறைந்தது?

என் மகனின் செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். பள்ளி, அப்புறம் கூடுதல் வகுப்பு, அப்புறம் கணக்கு டியூஷன். வீட்டுக்கு வரும்போது ஏழு மணி. குளித்துச் சாப்பிட்டு வீட்டுப்பாடம் முடிக்கவே பத்து. இதில் இருபது நிமிடம் பாத்திரம் கழுவினால் அது அவன் தூக்கத்திலிருந்துதான் போகும். தட்டை நான் கழுவிக்கொள்கிறேன், அவன் தூங்கட்டும்.

டெகோங் மாமா (சனி, இரவு 10.31)

நான் புலாவ் டெகோங் தீவின் ராணுவ முகாமில், கட்டாய தேசிய சேவைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சியாளனாக இருந்தவன். பதினெட்டு வயதுப் பையன்கள் படகில் வந்து இறங்குவார்கள். முதல் நாளே ஏரியா கிளீனிங். ஒருவன் மொப்பை வாளியில் முக்கினான், பிழியாமல் அப்படியே தூக்கித் தரையில் வைத்தான். அறை முழுக்கக் குளம். "வீட்டுல யாருடா மொப் போடுவா?" என்று கேட்டேன். "மெய்ட், சார்ஜன்ட்" என்றான். அதையும் பெருமையாகத்தான் சொன்னான். கணக்கில் புலி அவன், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

செங்காங் தோழி (சனி, இரவு 10.40)

மாமா, அந்தப் பையன் இரண்டு வாரத்தில் மொப் போடக் கற்றுக்கொண்டானா இல்லையா? கற்றுக்கொண்டிருப்பான். இரண்டு வாரத்தில் வருகிற வித்தைக்குப் பன்னிரண்டு வயதில் என்ன அவசரம்? பின்னம் அப்படி இரண்டு வாரத்தில் வராது.

டெகோங் மாமா (சனி, இரவு 10.52)

மொப் போட இரண்டு நாளே போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டிலுக்கு அடியில் தூசி கிடக்கிறது என்று அவன் கண்ணுக்குப் படவே பல வாரம் ஆனது. நான் காட்டினால் தெரியும், காட்டாவிட்டால் தெரியாது. அதை எந்த வாரத்தில் கற்றுக்கொடுப்பது?

கூட்டுரிமைவாசி (சனி, இரவு 11.20)

எல்லோரும் ஒரே மாதிரி வாழ வேண்டுமா? எங்கள் வீட்டில் பணிப்பெண் இருக்கிறார். பதினாறு வயதுக்குக் கீழே பிள்ளை இருப்பதால் அவருக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை மாதம் 300க்குப் பதில் 60 வெள்ளி (டாலர்). அது போக அவர் சம்பளம், சாப்பாடு, காப்புறுதி. இவ்வளவும் கொடுத்துவிட்டுப் பிள்ளை கையில் துடைப்பத்தைக் கொடுப்பது எனக்குப் புரியவில்லை. அவர்களுக்கு நீச்சல் இருக்கிறது, வயலின் இருக்கிறது. ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு திறன்.

சாக்பீஸ் (ஞாயிறு, காலை 7.15)

கூட்டுரிமைவாசி, நான் ஆசிரியை. 2017 தொடக்கத்திலிருந்து எல்லாப் பள்ளியிலும் மாணவர்கள் தினமும் கொஞ்ச நேரம் துப்புரவு செய்கிறார்கள். உங்கள் பிள்ளைகளும் வகுப்பறையைக் கூட்டுகிறார்கள், மேசையைத் துடைக்கிறார்கள். துடைப்பம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது, உங்களிடம் சொல்லவில்லை போல.

எனக்கு வேடிக்கையாக இருப்பது வேறு. உணவங்காடி நிலையத்தில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் முதலில் எச்சரிக்கைக் கடிதம், அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். 2021 செப்டம்பரிலிருந்து நடைமுறை. என் அக்கா மகன் தேக்கா உணவங்காடியில் பிரியாணித் தட்டைச் சமர்த்தாகக் கொண்டுபோய் அடுக்கிவிட்டு வருவான். வீட்டுக்கு வந்தால் பால் குடித்த டம்ளர் சோபாவின் கைப்பிடி மேலேயே நிற்கும். எறும்பு வந்த பிறகுதான் நகரும்.

இன்னொன்று. பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. 2023இலிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது, விட்டே ஆக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் தட்டு கழுவுவது யார்?

கூட்டுரிமைவாசி (ஞாயிறு, காலை 9.02)

வெளியே சாப்பிடுவோம்.

(சிரிக்க வேண்டாம், உண்மையைத்தான் சொன்னேன்.)

குவீன்ஸ்டவுன்காரி (ஞாயிறு, காலை 10.48)

இரவிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

1983இல் எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட், அப்பா துறைமுகத்தில். நான் மூத்தவள், எனக்குக் கீழே மூன்று பேர். அடுப்பு மேடை எனக்கு எட்டாது. சதுரமான பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நிற்பேன். அரிசியை மூன்று தண்ணீரில் களைந்து, ஆள்காட்டி விரலை அரிசி மேல் நட்டு, முதல் கோடு வரை தண்ணீர். அது மட்டும் இன்றுவரை தப்பவில்லை. டின் ஒரு பக்கம் நசுங்கி இருந்ததால் ஆடும். ஒரு நாள் ஆடியதில் கஞ்சி முன்கையில் கொட்டியது. தழும்பு இன்னும் இருக்கிறது.

தம்பிக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் நிற்பது நான். பெற்றோர் சந்திப்பு நாளில் யாரும் வர மாட்டார்கள். பிஎஸ்எல்இயில் கணக்கு போய்விட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் "எவ்வளவு பொறுப்பான பொண்ணு" என்பார்கள். நான் வாங்கிய சம்பளம் அவ்வளவுதான். என் இரண்டு தம்பிகளும் அந்த டின் மேல் ஒரு நாள்கூட ஏறியதில்லை.

என் மகளை நான் அடுப்பங்கரைப் பக்கமே விடவில்லை. அவளுக்கு இப்போது இருபத்துநான்கு. முட்டை பொரிக்கத் தெரியாது. யார் என்ன சொன்னாலும் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

மூன்றறை அப்பா (ஞாயிறு, காலை 11.10)

அக்கா, படித்துவிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் உங்கள் மேல் விழுந்தது ஒரு குடும்பம். நான் சொல்வது பதினைந்து நிமிடப் பாத்திரம்.

குவீன்ஸ்டவுன்காரி (ஞாயிறு, காலை 11.26)

எங்கள் வீட்டிலும் பதினைந்து நிமிடத்தில்தான் ஆரம்பித்தது தம்பி. ஆறு வயதில் கரண்டி துடைத்துக் கொடுத்தேன். ஏழில் தங்கையைக் குளிப்பாட்டினேன். எந்த வருடம் அது உதவியிலிருந்து வேலையாக மாறியது என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். மகளுக்குப் பாத்திரம், துணி. மகன் குப்பை போடுவான் என்றீர்கள். மூன்றறை வீடு, பழைய புளோக்காக இருந்தால் குப்பையைக் கீழே தள்ளிவிடும் குழாய் சமையலறைக்குள்ளேயே இருக்குமே?

உயர்நிலை நான்கு (ஞாயிறு, காலை 11.31)

ஐயோ. செம கேள்வி ஆண்டி 😂

மூன்றறை அப்பா (ஞாயிறு, பகல் 12.20)

இருக்கிறது. சாப்பாட்டு மேசையிலிருந்து நாலு எட்டு வைத்தால் போதும்.

செங்காங் தோழி (ஞாயிறு, பகல் 12.34)

இதற்குத்தான் சொல்கிறேன். "பொறுப்பு கற்றுக்கொடுக்கிறோம்" என்று ஆரம்பிப்பது எப்போதும் மகளிடம்தான். அதுவும் தேர்வு வருடத்தில். பொறுப்பு அவ்வளவு நல்ல சரக்கு என்றால் மகனுக்கு ஏன் நாலு எட்டுப் பொட்டலமாகக் கொடுத்தீர்கள்?

உயர்நிலை நான்கு (ஞாயிறு, பகல் 1.05)

இங்கே எல்லோரும் பெற்றோர் போலிருக்கிறது, நான் பிள்ளைக் கட்சி. இரண்டு விஷயம் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறேன், எனக்கும் இந்த வருடம் தேர்வு.

முதலாவது, நாங்கள் செய்தால் நீங்கள் விடுவதில்லை. நான் துணி மடிப்பேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே நான் மடித்த சட்டையை எடுத்து, பிரித்து, உதறி, அவர் பாணியில் மறுபடி மடித்து வைப்பார். திட்ட மாட்டார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த உதறல் சத்தம் போதும், நான் எழுந்து போய்விடுவேன். அப்புறம் மாமியிடம் போனில் "இந்தக் காலத்துப் பிள்ளைங்க ஒரு வேலை செய்யுதுங்களா" என்பார்.

இரண்டாவது, "அம்மாவுக்கு உதவி" என்கிறோமே, அது எப்படி அம்மாவுக்கு உதவி ஆகும்? தட்டில் சாப்பிட்டது நான். தொடக்கப்பள்ளியில் தமிழ் வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி எடுத்தபோது "வீட்டில் நீ என்ன உதவி செய்வாய்?" என்று கேட்பார்கள். நான் கண் சிமிட்டாமல் "துணி காயப்போடுவேன், அறையைச் சுத்தம் செய்வேன், தாத்தாவுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பேன்" என்று ஒப்பிப்பேன். என் தாத்தா இருந்தது பினாங்கில்.

சாக்பீஸ் (ஞாயிறு, பகல் 1.20)

உன் ஆசிரியைக்கு அது தெரிந்துதான் இருக்கும் கண்ணா. எங்களுக்கு எல்லாத் தாத்தாவையும் தெரியும்.

யீஷூன் கணக்கப்பிள்ளை (ஞாயிறு, மாலை 3.40)

நான் காசு கொடுத்துப் பார்த்தேன். பாத்திரத்துக்கு ஒரு வெள்ளி, கழிவறைக்கு இரண்டு வெள்ளி. மூன்று வாரம் வீடு பளபள. நான்காவது வாரம் மகள் சொன்னாள், "இன்னிக்கு எனக்குக் காசு தேவைப்படலப்பா, வேணாம்." அவள் கணக்குப்படி அது சரிதான், எனக்குப் பதில் வரவில்லை. காசு கதையை அன்றோடு மூடினேன்.

ஒன்று மட்டும் நிலைத்தது. ஏழு வயது மகனுக்கு ஞாயிறுதோறும் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது, வாளிகளைக் கவிழ்ப்பது. 2020இல் இங்கே 35 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கி வந்ததே, அந்த வருடம் எங்கள் புளோக்கிலும் நாலைந்து பேர். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம்தான் ஆகும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "நான் கொட்டலைன்னா அடுத்த ஞாயிறு பறந்துடும்" என்று ஓடுவான். அந்த வேலைக்கு அவன் காசு கேட்டதே இல்லை. ஏன் என்று அவனுக்கே தெரிந்த வேலை, அதனாலோ என்னவோ.

டெகோங் மாமா (ஞாயிறு, மாலை 4.02)

குவீன்ஸ்டவுன் தங்கச்சி, நேற்று நான் மொப் கதையைக் கொஞ்சம் லேசாகச் சொல்லிவிட்டேன். என் அக்காவும் உங்களை மாதிரிதான். அவர் சோறு போட்டு வளர்ந்தவன் நான். அந்த டின்னை நானும் பார்த்திருக்கிறேன், ஏறியதில்லை.

மூன்றறை அப்பா (அடுத்த ஞாயிறு, மாலை 4.15)

ஒரு வாரம் கழித்து வருகிறேன். முடிவு கேட்டவர்களுக்கு: மகளிடமே கேட்டேன். துணி வேண்டாம், பாத்திரம் மட்டும் இருக்கட்டும் என்றாள். ஏன் என்றதற்கு, "அந்த நேரத்துலதான் யாரும் படி படின்னு சொல்ல மாட்டீங்க" என்றாள். செங்காங் தோழி, இதை உங்கள் பக்கம் எழுதுவதா என் பக்கம் எழுதுவதா தெரியவில்லை. செப்டம்பர், அக்டோபரில் பாத்திரமும் எனக்கு. அவளாக வந்தால் வரட்டும், கூப்பிட மாட்டேன். அண்ணிக்குப் போன் செய்து, இனி இதை என்னிடம் கேளுங்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

துணி முழுக்க மகனுக்கு. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். துணி காயப்போடும் மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவது மட்டும் நான், எட்டாவது மாடியிலிருந்து கழி விழுந்தால் கீழே போகிறவர் கதி என்ன. அவன் உள்ளே நின்று துணியைக் கோத்து கிளிப் போட்டுக் கொடுப்பான். இன்று காலை தன் வெள்ளைச் சட்டையை ஒரு கை மட்டும் கழியில் நுழைத்து, மறு கை தொங்கத் தொங்க மாட்டியிருந்தான். மனைவி கையை நீட்டினார். "அம்மா, உதறாதீங்க" என்று மகள் அறைக்குள்ளிருந்தே கத்தினாள். நான் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியிருந்தேன்.

குவீன்ஸ்டவுன்காரி (அடுத்த ஞாயிறு, மாலை 4.31)

நான் இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை தம்பி. மனைவிக்கு இரவு ஷிஃப்ட் வரும் வாரம் யார் என்ன செய்கிறார்கள் என்று அப்போது வந்து எழுதுங்கள்.

மூன்றறை அப்பா (அடுத்த ஞாயிறு, மாலை 4.38)

எழுதுகிறேன் அக்கா, அடுத்த வாரமே அவருக்கு இரவு ஷிஃப்ட்தான். இப்போது ஜூரோங் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வருகிறது, மூன்று கழியையும் உள்ளே இழுக்க வேண்டும். மகன் கிளிப் டப்பாவோடு நின்றுகொண்டிருக்கிறான்.