தவணை கட்ட வராத அக்கா

முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் பிரதிநிதியாக இருக்கிறேன். கணக்கு நோட்டு என்னிடம்தான். அதனால் எந்த வீட்டில் என்ன சிக்கல் என்றாலும், பணம் வழியாகத்தான் முதலில் தெரியவரும்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்புகளை ஒரே ராத்திரியில் சாய்த்துப் போட்டது. புதுக் கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷமாவது ஆகும். அதுவரை சோற்றுக்கு? வாரக் கடன்தான். ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் கூட வாங்கியவர்கள் எல்லோரும் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். முழுப் பணம் சேராமல் வசூல்காரர் வண்டியை எடுக்கமாட்டார்.

அப்படி உட்கார்ந்த ஒரு நாள் அந்த அக்கா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்தில் கல்லே இல்லை. பொறுக்கிய இடத்தையே விரல் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தது. “தூங்குறீங்களாக்கா?” என்றேன். “மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் விடியிறவரைக்கும் ஓட்டைப் பாத்துக்கிட்டுக் கிடக்கிறதுதான்.” நெஞ்சு படபடப்புக்கு இசிஜி எடுத்தாயிற்று, மந்திரித்துத் தாயத்தும் கட்டியாயிற்று.

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். ‘தூக்கத்துக்குப் பாக்கிற டாக்டர்’ என்று சொல்லித்தான். அரைப் பொய், பரவாயில்லை. மனச்சோர்வு என்றார் டாக்டர். மாத்திரை பிடிக்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், நன்றாக ஆனதும் நீங்களாக நிறுத்தக்கூடாது என்று கணவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அவருக்கோ, “பழகிப்போயிடுமே” என்கிற பயம். இது போதை மாதிரிப் பிடித்துக்கொள்கிற மாத்திரை இல்லை, ஆனால் சட்டென்று விட்டால் தலைசுற்றல் வரும் என்று விளக்கியபிறகுதான் சீட்டைக் கையில் வாங்கினார்.

மாத்திரை கடனை அடைக்காது. ஆனால் ராத்திரி தூங்கி எழுந்த அக்காதான் குழுக் கூட்டத்தில் வாய் திறந்து, குழுச் சேமிப்பிலிருந்து கொடுக்கிற உள்கடனைக் கேட்டார், வாரக் கடனை முடித்தார். அதற்கு முன்பு இதே அக்காவைத் தையல் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். ஊசியில் நூல் கோக்கவே கை வராமல் பாதியில் திரும்பிவிட்டார். மேடையில் பெண்கள் முன்னேற்றம் பேசுகிறவர்கள் எத்தனை தையல் மிஷின் கொடுத்தோம் என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள். மிஷின் முன்னால் உட்காருகிறவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

இன்னொன்று, சுருக்கமாக. குழுவில் ஒருவரின் மகன், பாலிடெக்னிக். அரியர் சேர்ந்து, ஆன்லைன் ரம்மியில் காசும் போய், யாரிடமும் பேசாமல் கிடந்தான். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றான். 14416 நம்பரைக் கொடுத்தேன். 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ், போனிலேயே மனநல ஆலோசனை சொல்கிற அரசு சேவை. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அம்மா காதில் விழக்கூடாது என்று மோட்டார் கொட்டகைக்குப் போய், மோட்டாரைப் போட்டுவிட்டுப் பேசியிருக்கிறான். “அந்தப் பக்கம் பேசுனவங்க, சத்தமா இருக்கு, கொஞ்சம் வெளியில வாங்கன்னாங்க” என்று பிறகு அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். அரியரில் ஒரு பேப்பர் பாஸ். மற்றதற்கு மறுபடி பணம் கட்டியிருக்கிறான்.