தானே திறப்பதும் நாம் திறப்பதும்: இரண்டு வால்வுக்குப் பெயர் வேண்டும்

பீளமேடு, பள்ளி ரோபோ பயிற்சியாளர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பிள்ளைகள் காற்றழுத்தத்தில் இயங்கும் கை வைத்த ரோபோ ஒன்றைப் போட்டிக்குச் செய்கிறார்கள். பாதிப் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். பட்டறைச் சுவரில் ஒட்டும் பாதுகாப்புத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியின் அளவுகளையே வைத்திருக்கிறோம். கம்ப்ரசர் டேங்கில் 120 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை காற்றை அடைக்கும். அதற்கு மேல் போகாமல் பிரஷர் ஸ்விட்ச் நிறுத்த வேண்டும். ஸ்விட்ச் ஏமாற்றினால் 125-இல் ரிலீஃப் வால்வு தானே திறந்து மிச்சத்தை வெளியே விடும். ரெகுலேட்டர் 60-ஆகக் குறைத்து, ரோபோவின் கையைத் தள்ளும் சிலிண்டர்களுக்கு அனுப்பும். இவை போக, ரோபோவில் கை வைக்கும் முன் மொத்தக் காற்றையும் விட்டுவிட, கையால் திருப்பும் வால்வு ஒன்று உண்டு.

பழைய தாளில் இந்த இரண்டு வால்வுக்கும் ‘காற்று வெளியேற்றி’ என்று ஒரே பெயர். போன மாதம் ஒரு மாணவி பேட்டரியைக் கழற்றினாள். காற்று வெளியேற்றிதான் தானே திறக்குமே என்று நம்பி சிலிண்டருக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாள். டேங்க் நிறையக் காற்று. அவள் கையை இழுத்துவிட்டேன். 60 பிஎஸ்ஐ என்பது நம் ஊர்ப் பட்டறைக் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோவுக்கு மேல். 40 மில்லிமீட்டர் சிலிண்டர் அதில் 50 கிலோவுக்கு மேல் தள்ளும். தவறு அந்தப் பெண்ணுடையது இல்லை, பெயருடையது.

ஈரோடு, தமிழாசிரியை:

தம்பி, இது தன்வினை பிறவினைச் சிக்கல்தான். அழுத்தம் தானே தணிவதற்குத் ‘தணிவால்வு’, நாம் தணிப்பதற்குத் ‘தணிப்பு வால்வு’ என்று வையுங்கள். மொழி ஏற்கெனவே வைத்திருக்கும் வேறுபாடு இது.

பொள்ளாச்சி, ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்:

அம்மா, தணிவால்வை வினைத்தொகையாக விரித்தால் தணிகின்ற வால்வு என்றாகும். தணிவது அழுத்தம், வால்வு இல்லை. அதோடு, ஒரு ‘ப்பு’வை நம்பிப் பிள்ளையின் விரலை விடுவதா?

நம் நொய்யல் குளங்களைப் பாருங்கள். கொள்ளளவு தாண்டினால் தண்ணீர் தானே வழிந்து போகும் இடம் கலிங்கு. ஆள் போய்த் திறந்தால்தான் போவது மதகு. ஒன்று குளத்தைக் காப்பதற்கு, மற்றது நம் தேவைக்கு. இதே வேலையைத்தான் அந்த இரண்டு வால்வும் செய்கின்றன. ‘காற்றுக் கலிங்கு’, ‘காற்று மதகு’ என்று வையுங்கள். வால்வு என்ற சொல்லையும் விட்டு ‘ஓரதர்’ என்று எழுதலாம். அதர் என்றால் வழி, சங்கச் சொல்.

திருப்பூர், மொழிபெயர்ப்பாளர்:

கலிங்கு அருமைங்க ஐயா. கலித்தல் என்றால் ஒலித்தல். நீர் இரைந்து விழும் இடம் என்பதால் வந்த பெயராக இருக்கலாம். சங்கப் பாட்டில் ஆடைக்குக் கலிங்கம் என்று பெயர் உண்டே, இரண்டுக்கும் உறவு இருக்குமா?

பொள்ளாச்சி:

இல்லை. கலிங்கைக் கல்லால் கட்டினார்கள், ஆகவே கல் அடிச்சொல் என்பது என் துணிபு. காற்றை ஆண்ட மரபும் நமக்குப் புதிதில்லை. புறநானூறு 66-இல் ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்று கரிகாலனின் முன்னோரைப் பாடியிருக்கிறது. காற்று என்பதைவிட ‘வளி’ நல்லது: வளிக்கலிங்கு.

சோமனூர், ஏர்ஜெட் தறி மெக்கானிக்:

பெரியவங்க மன்னிக்கணும். எங்கள் தறிக்கூடத்தில் ‘ஏர் இறக்கியாச்சா?’ என்று கேட்ட பிறகுதான் லைனைக் கழற்றுவோம். டயரிலும் காற்றை இறக்குவது என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். கையால் திருப்புவது ‘இறக்கு வால்வு’. படிப்பவனுக்கு அந்தப் பெயரே வேலையையும் சொல்லிவிடும்.

ஓரதர் மட்டும் வேண்டாம். ஓர் அதர் என்றால் ஒரு வழி. திரும்பி வராமல் தடுக்கும் வால்வுக்கு அது சரி. மின்சாரத்தால் சிலிண்டருக்குக் காற்று மாற்றும் சோலனாய்டு வால்வில் ஐந்து வாய், இரண்டு நிலை. அதை எப்படி ஓரதர் என்பது?

தம்பிக்கு இன்னொன்று: பேட்டரியைக் கழற்றுவதே சிலிண்டரை அசைக்கலாம். ஒற்றைச் சுருள் சோலனாய்டு கரண்ட் போனதும் ஸ்பிரிங்கால் திரும்பிவிடும், காற்று இருந்தால் ரோபோவின் கை நகரும். இதைத் தாளில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

ஈரோடு:

இறக்கு வால்வுக்கு என் வாக்கு. இறங்குதல், இறக்குதல்: அதிலும் தன்வினை பிறவினை இருக்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன். பாடநூலே இதயத்துக்கு ‘மூவிதழ் வால்வு’ என்று எழுதுகிறது. வால்வைத் துரத்த வேண்டியதில்லை.

பீளமேடு:

இன்று பிள்ளைகளிடம் கேட்டேன். ‘இறக்கு வால்வு’ என்றதும் எல்லாக் கையும் சரியான வால்வுக்குப் போனது. கலிங்கு சூலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இருவருக்குத்தான் தெரிந்தது. ‘குளம் ரொம்புனா தண்ணி போற எடமுங்க’ என்றான் ஒருவன். அவன் விளக்கியதும் மற்றவர்களுக்கும் புரிந்தது.

தாளில் இப்படிப் போகிறது: ‘ரிலீஃப் வால்வு: கலிங்கு போலத் தானே திறக்கும், 125-க்குக் கீழே திறக்காது, இதை நம்பிக் கை வைக்காதே. இறக்கு வால்வு: நீ திற, கேஜ் முள் சுழிக்கு (0) வந்ததா பார், பிறகு கை வை.’ திருத்தம் இருந்தால் நாளைக்குள் சொல்லுங்கள்.

திருப்பூர்:

சம்மதம்.

சோமனூர்:

சரிங்க. இறக்கு வால்வின் பிடிக்குச் சிவப்பு அடித்துவிடுங்கள்.

பொள்ளாச்சி:

‘கலிங்கு போல’ என்று எழுதி அந்தச் சொல்லை உவமையாக்கிவிட்டீர்கள். பெயராகவே வைத்திருந்தால் அடுத்த ஆண்டு விளக்கமே தேவைப்படாது. இரண்டு பிள்ளைக்குத் தெரிந்த சொல் பத்துப் பேருக்குப் பரவ ஒரு நாள் போதும் என்பதை நீங்கள் எழுதியதே காட்டுகிறது. அச்சுக்கு என் தடை இல்லை. வளிக்கலிங்கு என்ற என் பரிந்துரை நிற்கிறது.